பதினேழே கால் ராத்தல்

1956 பிப்ரவரி 11, சனிக்கிழமை. காலை ஐந்தே காலுக்கு எழுந்தேன். கிணற்றில் எட்டு வாளி இறைத்தேன். குளிர் அதிகம். ஆறு மணிக்குக் காப்பி. ஆறரையிலிருந்து ஏழரை வரை நான்காம் பாரம் 'பி' பிரிவின் அல்ஜீப்ரா நோட்டுகள் திருத்தினேன், இருபத்திரண்டு. பிறகு பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசலில் வெயில் காய்ந்தேன். எட்டு ஐந்துக்கு லேப்காரர் வந்து தொட்டிலைக் கழற்றி எடுத்துப் போனார். இன்று மாலை ஆறரைக்குப் பள்ளி நாடகம்.

என் நாட்குறிப்பில் அந்த நாளுக்கு இவ்வளவுதான் இருக்கிறது. அன்றைக்கு எனக்கு வயது இருபத்தொன்பது. இதை எழுதும் இப்போது நாற்பத்தொன்பது. இருபத்தாறு வருஷமாக ஒரு நாள் விடாமல் எழுதுகிறேன். பகலில் நடந்ததை எழுதி, மாலையில் நடந்ததை எழுதாமல் விட்ட பக்கம் அது ஒன்றுதான். எழுதாமல் போனதற்குக் காரணம் லேப்காரர் அல்ல. ஆனால் அவரைப் பற்றிச் சொல்லாமல் அந்தக் காரணத்தைச் சொல்ல முடியாது.

ஓசூரில் நான் கணக்கு வாத்தியாராக இருந்த உயர்நிலைப் பள்ளியில் அவர் சோதனைச்சாலை உதவியாளர். பையன்களும் வாத்தியார்களும் லேப்காரர் என்றே கூப்பிடுவோம். அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு வருஷம் நாடக நோட்டீசில் 'மேடை அமைப்பு, ஒளி' என்று போட்டு அவர் பெயரை அச்சடித்திருந்தோம். ஒவ்வொரு நோட்டீசிலும் பென்சிலால் அந்த வரியை அடித்துவிட்டுத்தான் வெளியே கொடுத்தார். நானூறு நோட்டீஸ். "நான் மேடைல வரலியே சார்" என்றார். அதற்குப் பிறகு யாரும் போடவில்லை.

குள்ளமான ஆள். தோள் மட்டும் அகலம். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களோடு தமிழ். எந்த மொழியில் பேசிக்கொண்டிருந்தாலும் எண்ண ஆரம்பித்தால் தெலுங்குக்குப் போய்விடுவார். சோதனைச்சாலைக்கு வருவதற்கு முன்பு கிருஷ்ணகிரியில் ஒரு புளி மண்டியில் பன்னிரண்டு வருஷம் தராசு பிடித்தவர். நடுவில் கல்லை வைத்துக் கட்டிய மூட்டையைப் பிரிக்காமலே கண்டுபிடித்துவிடுவார் என்று சொல்வார்கள். அது எப்படி என்று ஒருமுறை கேட்டேன். "புளி தோள்ல உக்காரும் சார். கல்லு உக்காராது, குத்தும்" என்றார். அதற்கு மேல் விளக்கம் இல்லை.

எதிரே வருகிறவர் கையில் ஏதாவது இருந்தால், "குடுங்க சார்" என்று வாங்கி, ஒரு நொடி தூக்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பார். என் குடை ஒன்றரை ராத்தல். ஹெட்மாஸ்டருடைய கைப்பை வெள்ளிக்கிழமைகளில் நாலு, மற்ற நாட்களில் மூன்று. புதிதாக வந்தவர்கள், பிடுங்கிக்கொள்ளப் போகிறார் என்று நினைத்துப் பின்வாங்குவதும் உண்டு. இந்தப் பழக்கத்தில் எனக்கும் ஒரு சங்கடம் இருந்தது. நாம் ஏதாவது சொல்லும்போதும் அதே மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்பார். சரி என்றோ இல்லை என்றோ சொல்ல மாட்டார். நாம் சொன்னதை நாமே இன்னொரு தடவை யோசிக்க வேண்டி வரும்.

வருஷத்துக்கு ஒரு நாடகம். எழுதி, வசனம் சொல்லிக் கொடுத்து நடத்துகிறவர் தமிழ் ஐயா. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து எங்கள் குளிருக்கு வந்து மாட்டிக்கொண்டவர். மார்ச் வரை மப்ளரைக் கழற்ற மாட்டார். திரை, தட்டி, விளக்கு எல்லாம் லேப்காரர். நேரம் பார்ப்பதும் பட்டியல் வைத்திருப்பதும் நான்.

லேப்காரருக்கு ஒரே ஒரு சட்டம். காலியான பொருளை மேடையில் ஏற்ற மாட்டார். குடம் வந்தால் அதில் தண்ணீர் இருக்க வேண்டும். மூட்டை வந்தால் ராகி இருக்க வேண்டும். முதல் வருஷம் தமிழ் ஐயாவுக்கு இது தெரியாது. தண்ணீர்க்காரியாக வேஷம் போட்ட, ஐந்தாம் பாரம் படித்த பையன் நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, வளைந்த உடம்போடு வந்து நின்றான்.

"டேய், தண்ணிக்காரிக்கு இடுப்பு புடிச்சிக்கிச்சுடா!" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான்.

நடையில் பாதித் தண்ணீர் சிந்திவிட்டது. அடுத்த காட்சியில் வந்த ராஜா வழுக்கிவிடுமோ என்று ஒவ்வோர் அடியாகப் பார்த்து வைத்தார். கிழ ராஜா நன்றாகச் செய்தார் என்று மறுநாள் ஊரில் பேச்சு. அந்த ராஜாவுக்குக் கதைப்படி வயது இருபது.

திரைக்குப் பின்னால் தமிழ் ஐயா குதித்தார். "ஏனய்யா, வெறுங்குடத்தை நிறைகுடம் மாதிரி தூக்குவதற்குப் பெயர்தானே நடிப்பு!"

"அது தெரிஞ்சவங்க செய்யறது ஐயா. நம்ம பசங்களுக்குத் தண்ணி ஊத்திடறது சுலபம்."

"அப்போ என் வேலை என்னய்யா?"

"வசனம்" என்றார் லேப்காரர்.

1954ஆம் வருஷம் ஒரு பொக்கிஷப் பெட்டி வந்தது. ராஜா காவலனைக் கூப்பிட்டு, "இப்பெட்டியைச் சுமந்து செல்" என்று சொல்ல வேண்டும். காவலன் சுமந்து செல்ல வேண்டும். ஒத்திகையில் அட்டைப் பெட்டி. நாடகத்தன்று லேப்காரர் ஒரு மரப்பெட்டியில் ஆற்று மணலும் சோதனைச்சாலையின் இரும்புத் துண்டுகளும் போட்டு வைத்துவிட்டார். பொக்கிஷம் என்றால் அவ்வளவாவது இருக்கும் என்பது அவர் கணக்கு. தேன்கனிக்கோட்டையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பையன்தான் காவலன். குனிந்து பிடித்தான். மூச்சைப் பிடித்து இன்னொரு தடவை பார்த்தான். நிமிர்ந்து, வசனத்தை எல்லாம் மறந்து, "மன்னா, இது ஒருத்தரால ஆவறதில்லீங்க" என்றான்.

பந்தலே அதிர்ந்தது. தமிழ் ஐயா தலையில் கையை வைத்துக்கொண்டார். ராஜா வேஷக்காரன் சமர்த்து. கிரீடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "வா, நானும் ஒரு பக்கம் பிடிக்கிறேன்" என்றான். இருவரும் சேர்ந்து தூக்கிப் போனார்கள். தலைமை தாங்க வந்திருந்த பெரியவர், மன்னனும் காவலனும் ஒரே சுமையைச் சுமந்த அந்தக் காட்சிதான் புதுக் குடியரசின் அடையாளம் என்று கால் மணி நேரம் பேசினார். தமிழ் ஐயா எழுந்து கைகூப்பி அந்தப் பாராட்டை ஏற்றுக்கொண்டார்.

அடுத்த வருஷம் ஒரு கடிதம். பட்டாளத்திலிருந்து மகன் எழுதியதைத் தாய் படிக்கிற காட்சி. லேப்காரர் வெள்ளைத் தாளை என்னிடம் கொண்டு வந்தார்.

"உங்க கையெழுத்து நல்லா இருக்கும். எழுதிக் குடுங்க சார்."

"பையனுக்குத்தான் வசனம் மனப்பாடம் ஆச்சே."

"மனப்பாடம் பண்ணவன் கண்ணு காகிதத்துல ஓடாது சார். ஒரே எடத்துல நின்னுடும்."

முழுக் கடிதமும் எழுதிக் கொடுத்தேன். அந்தக் காட்சியில் பையனுடைய கண் வரிவரியாக இறங்கியதை நான் பார்த்தேன்.

விளக்கிலும் அவர் இப்படித்தான். அப்போது பள்ளிக்கு மின்சாரம் வந்து இரண்டு மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. டால்டா டின்களை வெட்டி உள்பக்கம் தேய்த்துப் பளபளப்பாக்கி, பல்புக்குப் பின்னால் வைப்பார். வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு பெரிய ஊறுகாய் ஜாடி. அதில் உப்புத் தண்ணீர். அடியில் ஓர் ஈயத் தகடு. மேலே மரச்சட்டத்தில் கட்டிய இன்னொரு தகடு. மின்சாரம் அந்தத் தண்ணீர் வழியாகப் போய்தான் விளக்குக்கு வர வேண்டும். மேல்தகட்டை இறக்க இறக்க விளக்கு ஏறும். தூக்கத் தூக்க மங்கும். உப்பைச் சோதனைச்சாலைத் தராசில் நிறுத்துப் போடுவார். காய்ந்த பலகை மேல் நின்று, இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு, வலது கையால் மட்டும் சட்டத்தைப் பிடிப்பார். அவர் அங்கே நிற்கும்போது பக்கத்தில் யாரும் போகக் கூடாது.

மாலைப் பொழுது சாய்கிற காட்சி ஒன்று வேண்டும் என்று தமிழ் ஐயா ஒருமுறை கேட்டார். ஒரு வாரம் லேப்காரர் சோதனைச்சாலைக்குப் பின்புறம் நின்று, மலைக்கோயில் பக்கம் வெளிச்சம் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கைக்கடிகாரத்தை வாங்கி வைத்துக்கொண்டார்.

"நாலரை நிமிஷம் ஆவும் ஐயா" என்றார் வந்து.

"நாலரை நிமிஷம் கூட்டம் சும்மா உட்கார்ந்திருக்குமா? அரை நிமிஷத்தில் இருட்டிவிடு."

"அரை நிமிஷத்துல இருட்டறது வேற ஐயா. அது கரண்ட் போறது."

கடைசியில் இரண்டு நிமிஷத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். சூரியனை வைத்துப் பேரம் பேசிய இரண்டு பேரை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இனித் தொட்டில்.

1956 நாடகத்தில் ஒரு கட்டம். கொடிய அரசனின் காவலர்கள் ஒரு குழந்தையைத் தேடி வருகிறார்கள். தாய் குழந்தையை வேறிடத்தில் ஒளித்துவிட்டு, குழந்தை தூங்குவதுபோல் வெறுந்தொட்டிலை ஆட்டித் தாலாட்டுப் பாடுகிறாள். காவலர்கள் வாசலிலேயே நின்று கேட்டு ஏமாந்து திரும்புகிறார்கள். நாடகத்தின் உயிரே அந்தக் காட்சி என்பார் தமிழ் ஐயா. கடைசி வரிசைக்கும் தெரிகிற மாதிரி நல்ல மரத்தொட்டில் வேண்டும் என்றார். எங்கள் வீட்டில் இருந்தது. என் மாமனார் வாங்கிக் கொடுத்தது. சிவப்பும் மஞ்சளுமாகச் சன்னபட்டணத்துச் சாயம் பூசி, நாலு சங்கிலியில் தொங்கும். நான் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஒத்திகையில் தொட்டிலுக்குப் பதில் ஒரு பெஞ்சு. அப்போதே லேப்காரர் கேட்டார்.

"தொட்டிலுக்குள்ள என்ன ஐயா வெக்கறது?"

"ஒன்றும் இல்லையய்யா. கதைப்படியே அது வெறுந்தொட்டில். உம்முடைய சட்டம் இங்கே செல்லாது" என்று தமிழ் ஐயா சந்தோஷமாகச் சிரித்தார்.

"காவல்காரனை ஏமாத்தறவ உள்ள ஒண்ணும் வெக்காமலா ஆட்டுவா?"

"காவலர் வருமுன் தாய் தனக்குள் பாடும் அடியிலேயே வெறுந்தொட்டில் என்று வருகிறது. விடும்."

லேப்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுப் போனார். விட்டுவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவில்லை.

"எதுக்குங்க தொட்டில் கேக்கறாங்க?"

"நாடகத்துக்கு. ஒரு நாள்தான்."

"பாப்பா?"

"ஒரு நாள் தூளி கட்டிக்கலாம்."

முறம் நின்றது. "காலித் தொட்டிலை ஆட்டுவாங்களா?"

காலித் தொட்டிலை ஆட்டினால் அந்த வீட்டுக் குழந்தைக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் சொல்வதுதான். ஆனால் அவள் கேட்டது அதற்காக மட்டும் இல்லை. எங்களுக்கு முதலில் ஒரு பையன் பிறந்தான். 1953இல், அவனுக்கு மூன்றாவது மாதம் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் அவனை அடுப்படியில் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டே காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே குழந்தை இல்லை என்பதே என் நினைவில் இல்லை. அவள் ஓடி வந்து இரண்டு கையாலும் தொட்டிலைப் பிடித்து நிறுத்தினாள். அதிலிருந்து பதினோராம் நாள் குழந்தை போய்விட்டது. வயிற்றுப்போக்கு. டாக்டர் காரணத்தைச் சொன்னார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று முதல் நான் பேப்பரைப் பள்ளியிலேயே படித்துவிட்டு வந்தேன்.

"ஆட்ட மாட்டாங்க. உள்ளே ஏதாவது பாரம் வெக்கச் சொல்லிடறேன்" என்றேன்.

"மறக்காம சொல்லுங்க."

"சொல்றேன்."

சொல்லவில்லை. மறந்ததாக வைத்துக்கொள்ள முடியாது. என் பட்டியலில் எதுவும் மறப்பதில்லை. கணக்கு வாத்தியார் காலித் தொட்டிலுக்குப் பயப்படுகிறார் என்று தமிழ் ஐயா ஓய்வறையில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார் என்று தோன்றியது. ஆறு நாள் இருந்தது. ஒவ்வொரு நாளும் தள்ளிப்போட்டேன்.

சனிக்கிழமை காலை லேப்காரர் வந்தபோது பாப்பா தொட்டிலில்தான் இருந்தாள். வெயில் காய்ந்த சுகத்தில் அப்போதுதான் தூங்கியிருந்தாள். என் மனைவி அடுப்படியில் இருந்தாள். லேப்காரரே குனிந்து குழந்தையைத் தூக்கி, ஒரு நொடி கையில் வைத்திருந்து, என்னிடம் கொடுத்தார். சங்கிலியைக் கழற்றினார். தொட்டிலைத் தோளில் வைத்துக்கொண்டு போனார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் குழந்தையின் தலை சாயாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நாடகம் ஆறு முப்பத்தைந்துக்கு ஆரம்பித்தது. பள்ளி மைதானத்தில் பந்தல். ஆண்கள் வலதுபுறம், பெண்கள் இடதுபுறம். நான் நோட்டும் கடிகாரமுமாக மேடையின் ஓரத்தில் தட்டிக்குப் பின்னால் இருந்தேன். அங்கிருந்து பெண்கள் பக்கத்து மூன்றாவது வரிசை நன்றாகத் தெரியும். என் மனைவி சால்வைக்குள் பாப்பாவைப் பொத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தொட்டில் காட்சி ஏழு நாற்பத்தெட்டுக்கு வந்தது. இரண்டு மூங்கில் கால்களுக்கு நடுவே போட்ட கட்டையில் தொட்டில் தொங்கியது. மேலே வெள்ளைத் துணி. ஜாடியில் தகடு மெதுவாக ஏற, மேடை மங்கி, தொட்டில் மேல் மட்டும் வெளிச்சம் நின்றது. சேலை கட்டிய பையன் பாட ஆரம்பித்தான். 'வெறுந்தொட்டில்' என்ற வார்த்தை இரண்டாவது அடியிலேயே வந்துவிட்டது. அவன் தொட்டிலின் மேல் கை வைத்தான்.

நான் மேடையைப் பார்க்கவில்லை. மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். அவள் சட்டென்று நிமிர்ந்தாள். ஒரு கை பாப்பாவின் தலையை மூடியது. எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த பெண் கால்களை ஒதுக்கி வழிகூட விட்டாள். ஆனால் அவள் எழவில்லை. அவள் கண் பாடுகிறவன் மேல் இல்லை. தொட்டிலின் சங்கிலி மேல் இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே பார்த்தாள். பிறகு தோள் இறங்கியது. சால்வையைச் சரிசெய்துகொண்டு பின்னால் சாய்ந்து உட்கார்ந்தாள்.

அதன் பிறகுதான் நான் தொட்டிலைப் பார்த்தேன். நாலு சங்கிலியும் விறைப்பாக நின்றன. தொட்டில் போய், ஓரத்தில் ஒரு கணம் தங்கி, யோசித்துத் திரும்பியது. மேல்கட்டை ஒவ்வோர் ஆட்டத்துக்கும் லேசாக முனகியது. பையன் ஒரு விரலால் தள்ளவில்லை. தாய்மார்கள் செய்கிற மாதிரி உள்ளங்கையால் தள்ளினான், திரும்பி வரும்போது கையை இளக்கிக் கொடுத்தான். காவலர்கள் வாசலில் நின்றார்கள். பந்தலில் யாரும் இருமக்கூட இல்லை.

எட்டரைக்கு எல்லாம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனேன். லேப்காரர் தொட்டிலிலிருந்து ஒரு பையைத் தூக்கிக்கொண்டிருந்தார். பழைய வேட்டித் துணியில் தைத்த நீளப் பை. ஒரு முனை உருண்டையாகக் கட்டியிருந்தது.

"என்ன இது?"

"ராகி சார். ஹாஸ்டல் ஸ்டோர்ல வாங்கினேன். காலையில திருப்பிக் குடுத்துடணும்."

"எவ்வளவு?"

"பதினேழே கால் ராத்தல்."

"அதென்ன கணக்கு?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "பாப்பா அவ்வளவுதானே சார். காலையில நான்தானே தூக்கிக் குடுத்தேன். தலைப்பக்கம் கொஞ்சம் தூக்கலா இருக்கணும்னு அங்க மட்டும் முடிச்சுப் போட்டேன்."

"தமிழ் ஐயா வேண்டாம்னாரே?"

"மேல துணி போட்டா ஐயாவுக்கு எங்க தெரியப்போவுது?"

"எங்க வீட்ல யாராவது உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா? காலித் தொட்டில் ஆட்டக் கூடாதுன்னு?"

"இல்லியே சார். ஏன்?" என்று தலையைச் சாய்த்தார். பிறகு அவரே சொன்னார்: "காலித் தொட்டில் லொடலொடன்னு ஆடும் சார். கடைசி வரிசைல இருக்கிறவளுக்கும் தெரிஞ்சிடும். பெத்தவங்க எல்லாம் உக்காந்திருக்காங்க. அவங்களை ஏமாத்த முடியாது."

தொட்டிலைக் காலையில் ஏழு மணிக்குக் கொண்டுவந்து மாட்டித் தருகிறேன் என்றார்.

வீட்டுக்கு நடந்தோம். நான் லாந்தரும் அவள் பாப்பாவுமாக. சந்தைப்பேட்டை தாண்டியதும் அவள் சால்வையை இழுத்துப் போர்த்தினாள். பிறகு சொன்னாள்:

"அந்தப் பாட்டுல வெறுந்தொட்டில்னு வந்ததும் எனக்கு உசிரே இல்லீங்க. அப்பறம் சங்கிலியப் பாத்தேன். உள்ள பாரம் இருக்கு."

"ம்."

"கதைக்குக் காலித் தொட்டிலாம். அப்படியும் நீங்க சொல்லி வெச்சிருக்கீங்க."

நான் மறுபடியும், "ம்" என்றேன்.

அந்த இரண்டாவது 'ம்' எனக்கு இன்றைக்கும் காதில் கேட்கிறது. லாந்தரை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டேன். அவள் நின்றுவிட்டாள்.

"ஒண்ணு சொல்லட்டுங்களா? கோவிச்சிக்கக் கூடாது. அன்னிக்கி நீங்க பேப்பர் படிச்சிட்டு ஆட்டினீங்களே, அதனாலதான் பையன் போயிட்டான்னு மூணு வருசமா மனசுல வெச்சிட்டு இருந்தேன். உங்களுக்குச் சோறு போடறப்பகூட வெச்சிருந்தேன். நம்ம பேச்சை இவரு ஒரு பேச்சா எடுத்துக்க மாட்டாருன்னு. இன்னிக்கி எனக்கோசரம் நாலு பேரு சிரிச்சாலும் பரவாயில்லேன்னு போய்ச் சொல்லியிருக்கீங்க. போதுங்க. இனிமே அதை நெனைக்க மாட்டேன்."

பாப்பா அசைந்தது. அவள் தட்டிக்கொடுத்துக்கொண்டே முன்னால் நடந்தாள். மூன்று வருஷமாக அவள் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. வீடு வந்து சேரும் வரை, பாடின பையன் யார் வீட்டுப் பிள்ளை, அந்தச் சேலை யாருடையது, காவல்காரனுடைய மீசை ஏன் ஒரு பக்கம் தொங்கியது என்று கேட்டுக்கொண்டே வந்தாள். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னேன். வீட்டில் நாட்குறிப்பைத் திறந்து, 'மாலை ஆறு முப்பத்தைந்துக்கு' என்று எழுதி, அதை அடித்துவிட்டு மூடினேன்.

நான் 1959இல் சேலத்துக்கு மாற்றலாகிப் போனேன். பஸ் ஏற்றிவிட லேப்காரர் வந்திருந்தார். என் டிரங்குப் பெட்டியை மேலே ஏற்றுவதற்குமுன் ஒரு நொடி கையில் வைத்திருந்து, "நோட்டுப் புஸ்தகம்தான் அதிகம்" என்றார். அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை. ஓய்வு பெற்றுச் சூளகிரிப் பக்கம் மகள் வீட்டில் இருந்தார் என்றும், கொஞ்ச வருஷத்தில் காலமானார் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். அந்தத் தொட்டிலைப் பற்றி நாங்கள் இருவரும் மறுபடி பேசியதே இல்லை. அவருக்கு அதில் பேசுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. குடத்துக்குத் தண்ணீர் ஊற்றியது மாதிரி அதுவும் ஒன்று.

நாடகத்தன்று இரவு படுத்திருந்தபோது, காலையில் ஏழு மணிக்கு அவர் வருவார் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அவருக்குக் காப்பி கொடுப்பாள். சார் சொன்னபடி பாரம் வைத்தீர்களே என்று நன்றி சொல்வாள். சார் எதுவும் சொல்லவில்லையே என்பார். தான் என்ன சொல்லிவிட்டோம் என்பதுகூட அவருக்குத் தெரியாது. அவரை ஆறே முக்காலுக்கே தெருமுனையில் பார்த்து, ஆமாம் என்று சொல்லச் சொன்னால் என்ன என்றும் யோசித்தேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்பது கண்ணுக்கு முன்னால் வந்தது. அவர் வரப்போகிறார் என்ற பயம் இல்லாவிட்டால் நான் பேசியிருப்பேனா என்று எனக்குத் தெரியாது. இதை எழுதும்போதும் தெரியவில்லை.

மறுநாள் பன்னிரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. ஐந்தே காலுக்கு எழுந்தேன். கிணற்றடிக்குப் போகவில்லை, பல் தேய்க்கவில்லை. நேராக அடுப்படிக்குப் போனேன். அவள் விறகை மூட்டி ஊதிக்கொண்டிருந்தாள். ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தாள். நேற்றைய தாலாட்டாக இருக்கலாம். அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"நான் அவர்கிட்ட சொல்லவே இல்லை. காலியாத்தான் ஆட்டுவாங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சும்மா இருந்தேன். ராகி வெச்சது அவரு, அவராவே வெச்சது" என்றேன்.

அவள் ஊதுகுழலைக் கீழே வைத்தாள்.